ஒரு மடங்குக் கண்ணாடி

கொஸ்தென் கிராமத்துக்கும் ஸ்லிவென் நகரத்துக்கும் இடையில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார் நெட்கோ. வயது ஐம்பத்தெட்டு. வருடாவருடம் ஓட்டுநர்களுக்கு நடக்கும் கண் பரிசோதனையில் கடைசி வரிவரை தட்டுத்தடுமாறாமல் வாசித்துவிடுவார். எதிர்ச்சரிவில் மேய்கிற மாடு யாருடையது என்று வண்டியை நிறுத்தாமலே சொல்வார். அதனால் யாராவது அவருடைய கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். போன ஜனவரிக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஜனவரியில் நடந்தது இது. வேட்டைப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. கொஸ்தென் வேட்டைக் குழுவில் இருபத்திரண்டு பேர். பாதிப்பேர் நாய்களோடு சரிவில் இறங்கிச் சத்தம் போட்டுக் காட்டுப் பன்றிகளை விரட்டுவார்கள். மீதிப்பேர் மேட்டில் ஆளுக்கொரு நிலையில் துப்பாக்கியோடு நிற்பார்கள். மூன்றாம் நிலை பத்தொன்பது வருடமாக நெட்கோவுடையது. இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்கு மேலே, மூன்று பீச் மரங்களுக்கு நடுவே. தப்பித்து ஓடுகிற பன்றி அங்கேதான் வரும். அன்றைக்கும் வந்தது. நெட்கோ சுட்டார், பன்றி போய்விட்டது. தவறவிடுவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் நாய்க்காரர் வெல்கோ மேலேறி வந்து, ஒரு கருவாலி மரத்தில் குண்டு பாய்ந்த துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து பனியில் இருந்த தடங்களைப் பார்த்தார். அவருடைய பெட்டை நாய் ஸர்னா காலடியில் நின்றது. அதன் முதுகில் மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது.

"நெட்கோ, நீ எதப் பாத்துச் சுட்ட?"

"எதப் பாப்பாங்க, பன்றியத்தான்."

"பன்றி இங்க போயிருக்கு. இது என் பொண்ணு வந்த தடம். ரெண்டு வெரக்கட கீழ வந்திருந்தா இப்ப நான் இவளத் தூக்கிட்டுப் போயிட்டிருப்பேன்."

வெல்கோவும் நெட்கோவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வெல்கோ குரலை உயர்த்தவில்லை. அதுதான் நெட்கோவைச் சுட்டது.

குழுத் தலைவர் டோப்ரிக்கு அறுபத்தாறு வயது, அளந்து பேசுகிறவர். எல்லோரும் நெருப்பைச் சுற்றி நிற்கும்போது சொன்னார்: "அக்டோபர் முத சனிக்கெழமைக்குள்ள துப்பாக்கியில கண்ணாடி மாட்டு. எம் முன்னால காகிதத்துல சுட்டுக் காட்டு. இல்லேன்னா விரட்டுக்காரங்களோட கீழ எறங்கு. மூணாம் நெலைய சின்னவன் யாவோருக்குக் குடுத்துர்றேன்."

யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. கீழே இறங்குவது என்றால் இடுப்புயர முள்புதரில் நாலு மணிநேரம். நெட்கோவின் வலது முழங்கால் இரண்டு வாரம் தாங்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் வேட்டை முடிந்து குடிக்கிற பீன்ஸ் சூப்புக்கு மட்டும் வருகிற ஆளாகிவிடுவார். அப்படி மூன்று பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். அந்த மரியாதை நெட்கோவுக்கு வேண்டாம்.

இன்னொரு வெட்கமும் இருந்தது. துப்பாக்கியில் ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருகிறவர்களை முப்பது வருடமாகக் கேலி செய்தவர் அவர். "என்னய்யா, பன்றி சுட வந்தியா, நெலா பாக்க வந்தியா?" என்பது கொஸ்தெனில் அவருடைய வாக்கியம். அதை இப்போது மற்றவர்கள் அவரிடம் திருப்பிச் சொல்வார்கள். சொல்லட்டும் என்று இருந்துவிட அவரால் முடியவில்லை.

அந்தக் கோடை முழுதும் அவர் ஓர் இடத்தில் இருக்கவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுப்பார். முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைக் குறிபார்ப்பார். புகைபோக்கி செங்கல் செங்கலாகத் தெரியும். ஆனால் குழல் முனையில் இருக்கிற சின்னக் குறி ஈரத்தில் ஊறிய மையைப் போல மங்கி நிற்கும். அந்தக் குறியைப் பொருத்திப் பார்க்க வேண்டிய, கண்ணுக்கு அருகில் இருக்கிற பிளவோ இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. குறியை முயன்று தெளிவாக்கினால் புகைபோக்கி கலைந்துபோகும். மூன்றையும் ஒரு கோட்டில் நிறுத்த வேண்டிய கண் இரண்டைக் கூட நிறுத்த மறுத்தது. பேருந்தில், நிறுத்தங்களில் ஆள் ஏறும்வரை கட்டைவிரலை நிமிர்த்தி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"யாருக்கு டாட்டா காட்டுற நெட்கோ, நான் உள்ள ஏறிட்டேன்," என்றாள் தபால்காரி ஒருநாள். பேருந்தே சிரித்தது.

கண் தூரத்தைக் காட்டுவதால் கிட்டத்தையும் காட்டுகிறது என்று அவர் நம்பியிருந்தார். அப்படி நம்ப எந்த ஆதாரமும் இல்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனிதன் தன் கண்ணைச் சாட்சியாக நிறுத்தி எல்லாவற்றையும் விசாரிப்பான். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய யாரையாவது கூப்பிட்டால் கோபம் வரும்.

கூப்பிடாமலே வந்தவள் மனைவி ஷிவ்கா. தையல் பட்டறையில் சட்டைக் காலர் தைக்கிறவள். கழுத்தில் கயிறு கட்டிய படிப்புக் கண்ணாடி எப்போதும் தொங்கும்.

"யோவ், நான் நாப்பத்தஞ்சுலயே இத மாட்டிட்டேன். என்ன, செத்தா போயிட்டேன்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குற கண்ணுதான் நேத்து மாத்திரைச் சீட்டுன்னு நெனச்சு விதைப் பாக்கெட்ட வாசிச்சுதா? நல்லவேளை, முள்ளங்கி வெதைய முழுங்கல."

ஸ்லிவெனில் சந்தைக்குப் பின்னால் அஸ்பாருக்கின் வேட்டைக் கடை. பேருந்து திரும்பிப் புறப்பட நாற்பது நிமிடம் இருக்கும். அந்த இடைவெளியில், வெவ்வேறு நாட்களில், நெட்கோ மூன்று தடவை அங்கே போனார். கையில் நானூறு லெவா. அதற்கு மேல் ஒரு லெவாவும் இந்த வெட்கத்துக்குக் கொடுப்பதாக இல்லை.

முதல் தடவை, ஒன்பது மடங்குவரை பெரிதாக்குகிற பருத்த ஸ்கோப்பை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். விலை இருநூற்றுப் பத்து. கடை வாசலிலிருந்து தெரு முனைக் கோயிலின் கடிகார முள் தெரிந்தது. பிடித்துப்போய்விட்டது.

அஸ்பாருக் தடித்த ஆள், அசையாமல் பேசுவார். "நீங்க எங்க நின்னு சுடுவீங்க?"

"ஓடைக்கு மேல. பீச்சு மரத்துக்கு நடுவுல."

"எவ்ளோ தூரம் தெரியும்?"

"முப்பது, நாப்பது மீட்டர். சில நேரம் காலடியிலயே வந்துரும்."

"அப்ப இது எதுக்கு? காலடியில வர்ற பன்றிய இதுல பாத்தா அதுக்கு எத்தன உண்ணி இருக்குன்னு எண்ணலாம். பன்றி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாது."

"பெருசாக் காட்டுனா நல்லதுதானே?"

"பெருசாக் காட்டணும்னா மிச்சத்த மறைச்சுத்தான் காட்டும். அதுக்கு வேற வழி கெடையாது," என்று சொல்லிவிட்டு அவர் வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பினார்.

வியாபாரி ஒருவன் வாங்க வந்ததை வாங்க வேண்டாம் என்று சொன்னது நெட்கோவை அன்று முழுதும் தொந்தரவு செய்தது. வேறு ஏதோ விலை கூடியதைத் தள்ளப் பார்க்கிறான் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே முடிவு செய்தார். அடுத்த வளைவில் அந்த முடிவைக் கைவிட்டார்.

இரண்டாம் தடவை, சிவப்புப் புள்ளி காட்டுகிற சின்னக் கருவி. எதையும் பெரிதாக்காது, கண்ணாடியில் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே குண்டு போகும். விலையும் கைக்குள் அடங்கியது. ஆனால் நெட்கோவின் கண்ணுக்கு அது புள்ளியாகவே இல்லை. நசுங்கிய திராட்சை போல ஒரு பக்கம் வழிந்து கிடந்தது.

"கருவி கெட்டிருக்கு," என்றார்.

அஸ்பாருக் வாங்கிப் பார்த்தார். "எனக்கு உருண்டையாத்தான் தெரியுது." பிறகு, மிகவும் சாதாரணமாக, "கண்ணு அப்படி ஆயிருக்கும். நெறைய பேருக்கு அப்படித்தான்," என்றார்.

நெட்கோ வெளியே வந்துவிட்டார். பேருந்தை ஆறு நிமிடம் முன்னதாகவே எடுத்துவிட்டு, பாதி வழியில் அது நினைவுக்கு வந்து, ஒரு கிழவர் சந்தைப் பையோடு ஓடிவருவதைக் கண்ணாடியில் கற்பனை செய்து வியர்த்தார்.

மூன்றாம் தடவை ஷிவ்கா கூட வந்தாள். அவர் கூப்பிடவில்லை, டிக்கெட் எடுத்து ஏறிவிட்டாள். அஸ்பாருக் இந்தமுறை மேசைமேல் ஒன்றுதான் வைத்தார். குட்டையான நேர்க்குழாய், முன்பக்கம் பருக்காமல். ஒன்றிலிருந்து நான்கு மடங்குவரை, நடுவில் ஒரு வளையத்தைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். முந்நூற்றுத் தொண்ணூறு லெவா. பெயர்பெற்ற பழைய ஜெர்மன் ஸ்கோப் ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு ஷிவ்கா, "அதுக்குப் பன்றிப் பண்ணையே வெச்சுரலாம்," என்றாள்.

"கண்ண மூடுங்க," என்றார் அஸ்பாருக். கடைத் துப்பாக்கி ஒன்றில் ஸ்கோப்பைப் பொருத்திக் கொடுத்திருந்தார். "மூடிட்டே தோள்ல வைங்க. எப்பவும் எப்படி வைப்பீங்களோ அப்படி. இப்பத் தெறங்க. ஓரத்துல கருப்பு நிழல் இருக்கா?"

"இல்ல. முழு வட்டம்."

"அப்ப உயரம் சரி. கண்ணுக்கும் இதுக்கும் ஒரு சாண்ல பாதி எடம் விடணும். விடலேன்னா பின்னால ஒதைக்கும்போது புருவத்துல பிறை மாதிரி வெட்டிரும். அப்புறம் கோடு தெரியுதா?"

"மசமசன்னு இருக்கு."

அஸ்பாருக் கையை நீட்டி ஸ்கோப்பின் பின்விளிம்பை மெல்லத் திருப்பினார். இரண்டு கறுப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பேனாவால் கிழித்ததுபோலக் கூர்ந்து நின்றன. அதே சமயத்தில் தெரு முனையில் நின்றிருந்த ஒரு பெண்ணும் தெரிந்தாள், இருக்கிற அளவில், இருக்கிற இடத்தில். இரண்டு கண்களும் திறந்திருந்தன. நெட்கோ துப்பாக்கியை இறக்கவில்லை.

"என்னய்யா, நெலா தெரியுதா?" என்றாள் ஷிவ்கா.

அவர் ஸ்கோப்பை வாங்கினார். அது நல்ல ஸ்கோப் என்று சொல்லவில்லை. "பரவாயில்ல," என்றார்.

செப்டம்பர் கடைசியில் சுடுதளத்தில் டோப்ரி முன்னால் ஐம்பது மீட்டரில் மூன்று குண்டு. குறி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வளையத்தை நான்கில் வைத்துக்கொண்டார். மூன்று துளையையும் ஓர் உள்ளங்கையால் மறைக்கலாம். டோப்ரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ம்," என்றார். நெட்கோ அந்த ஒற்றை எழுத்தை வாரம் முழுதும் மனதில் உருட்டினார். அதில் சம்மதம் எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை, வேட்டைக் குடிலுக்கு முன்னால் மூடுபனி. ஆரஞ்சு மேலங்கி போட்ட இருபத்திரண்டு பேர் பாதி உருவமாக நின்றார்கள். டோப்ரி பாதுகாப்பு விதிகளை எப்போதும்போல் வாசித்தார்: அடையாளம் தெரியாததைச் சுடக்கூடாது, வரிசையின் குறுக்கே சுடக்கூடாது, கொம்பு ஊதும்வரை நிலையை விட்டு நகரக்கூடாது. வாசித்து முடிந்ததும் நோட்டில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாமல் யாரும் காட்டுக்குள் போக முடியாது. நெட்கோ நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"நெட்கோ அண்ணே, அது என் கோடு," என்றான் யாவோர். மின்சார வேலைக்காரன், நாற்பது வயது, மூன்றாம் நிலைக்குக் காத்திருப்பவன். "உங்க கோடு கீழ இருக்கு. நானும் நீங்களும் ஒரே ஆளா ஆயிட்டோமா?"

"நோட்ட நீ ஆட்டுனே."

"நான் தொடவே இல்லியே."

டோப்ரி அடித்துத் திருத்தினார். வெல்கோ கொஞ்சம் தள்ளி நின்று ஸர்னாவின் கழுத்தில் ஆரஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கருத்த முதுகும் பழுப்புக் காலும் கொண்ட அந்த நாய் நெட்கோவைப் பார்த்து வாலாட்டியது. மனிதர்கள் ஜனவரியை ஞாபகம் வைத்திருந்த அளவுக்கு அது வைத்திருக்கவில்லை.

மூன்றாம் நிலையில் பனி இன்னும் தடிப்பாக இருந்தது. நெட்கோ துப்பாக்கியை மடியில் வைத்து ஸ்கோப்பின் வளையத்தைப் பார்த்தார். எண்கள் கடுகளவு வெள்ளைப் பொட்டுகளாக இருந்தன. ஒன்றா, நான்கா? ஷிவ்கா புறப்படும்போது ரொட்டிப் பைக்குள் எதையோ திணித்து, "வேணும்னா போட்டுக்கோ," என்றது நினைவுக்கு வந்தது. என்னவென்று தெரியும். பையைத் திறக்கவில்லை. வளையத்தை ஒரு பக்கம் திருப்பினார், முட்டி நின்றது. முட்டுகிற இடம் ஒன்று என்று வைத்துக்கொண்டார். மறுபக்கமும் இன்னொரு முட்டு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தூக்கிப் பார்த்தார். ஒரே வெள்ளை. வெள்ளையை நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் வெள்ளைதான்.

கீழே விரட்டு தொடங்கியது. தகரம் தட்டுகிற சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், பிறகு ஸர்னாவின் குரல்: முதலில் சந்தேகமாக, பிறகு விடாமல். நெட்கோவின் இடது கை தானாகத் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்து, "மூணுக்கு வருது, மூணுக்கு," என்றது. பனி மெலிந்திருந்தது. ஓடையில் குச்சிகள் ஒடிந்தன. அவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.

வட்டம் முழுக்க மயிர். கருத்த, நனைந்த, அசைகிற மயிர். காது இல்லை, கால் இல்லை, மேடு பள்ளம் இல்லை. இடது கண் வேறொரு காட்டைக் காட்டியது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. விரல் விசையில் இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம் சுடு என்றது. ஸர்னாவின் முதுகும் கருப்புத்தான்.

விரலை எடுத்தார்.

துப்பாக்கியை இறக்கியபோது, இருபது அடியில், ஆண் பன்றி ஒன்று பீச் மரங்களுக்கு நடுவே அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வேகமாகக் கூட இல்லை. முப்பது அடி பின்னால் ஸர்னா.

மத்தியானம் நெருப்பைச் சுற்றி ரொட்டியும் உப்புக் கறியும். முதல் விரட்டில் ஒன்றும் விழவில்லை.

"அண்ணே, அந்தப் பன்றி உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போச்சாமே," என்றான் யாவோர். "புதுசா வாங்குன கண்ணாடி, கீறல் விழுந்துரும்னு சுடலயா?"

"நெலாவத் தேடிட்டிருந்தாரு," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நெட்கோ எதிர்பார்த்த சிரிப்புத்தான்; எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. வேறொன்று வலித்துக்கொண்டிருந்தது.

டோப்ரி கத்தியைத் துடைத்து மடக்கினார். "ஏன் சுடல?"

நாய் கிட்டத்தில் வந்துவிட்டது என்று சொல்லலாம். பாதுகாப்புப் பூட்டு இறுகிவிட்டது என்று சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. நெட்கோ இரண்டையும் விட்டுவிட்டார்.

"நாலுல இருந்துச்சு," என்றார்.

"எது?"

"வளையம். ஒன்னுல வெக்கணும். எனக்கு... அந்த எண்ணு தெரியல. கிட்டக்க எதுவும் தெரியறதில்ல டோப்ரி அண்ணே. மூணு வருசமாவே."

விறகு வெடித்தது. யாவோர் வாயில் போட்ட ரொட்டியை மெல்லாமல் நின்றான்.

"சரி, உள்ள என்ன பாத்த?" இது வெல்கோ. காலை முதல் அவர் நெட்கோவிடம் பேசிய முதல் பேச்சு.

"மயிரு. வெறும் மயிரு."

"யாரு மயிரு?"

"தெரியல. அதான் எறக்கிட்டேன்."

வெல்கோ ஒரு துண்டு உப்புக் கறியை வெட்டி ஸர்னாவுக்குப் போட்டார். அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது விரட்டுக்கு நெட்கோவக் கீழ அனுப்பலாமா?" என்று டோப்ரி பொதுவாகக் கேட்டார்.

"மேலயே நிக்கட்டும்," என்றார் வெல்கோ. "என் நாய்ங்க ஓடுற எடத்துல யாரு நிக்கணும்னு நாஞ்சொல்லலாம்ல? சரியாத் தெரியலன்னா எறக்குறவன் நிக்கட்டும். ஜனவரில இவன் எறக்கல." பிறகு நெட்கோவின் பக்கம் திரும்பாமலே, "அந்தச் சனியன ஒன்னுல வெச்சுத் தொலை," என்றார்.

நெட்கோ ரொட்டிப் பையைத் திறந்தார். ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் அடியில், கைக்குட்டையில் சுற்றிய ஷிவ்காவின் பழைய படிப்புக் கண்ணாடி. இளஞ்சிவப்புச் சட்டம், ஓரத்தில் மினுமினுப்பு. இருபத்தொரு பேர் பார்க்க அதை மூக்கில் மாட்டினார்.

"அம்மாடி," என்றான் யாவோர், "பாட்டு டீச்சர் வந்துட்டாங்க."

இந்த முறை வெல்கோவும் சிரித்தார். நெட்கோ அதே கண்ணாடியோடு நிதானமாக வளையத்தைத் திருப்பினார். எண் ஒன்று அங்கே இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது. அதை யாவோரிடம் காட்டி, "இது ஒன்னுதானே?" என்று கேட்டார்.

"ஒன்னுதாண்ணே," என்றான் யாவோர். கேலியில்லாமல் சொன்னான்.

இரண்டாவது விரட்டில் பன்றிகள் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு ஓடின. ஏழாம் நிலையில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. மூன்றாம் நிலைக்கு எதுவும் வரவில்லை. பனி முற்றிலும் விலகி, பீச் இலைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் இலைக்கும் நெட்கோவின் தோள் துள்ளியது.

ஓடைப் பக்கம் புதர் அசைந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது. விரல் விசைக்கு வெளியே, கட்டையோடு நீண்டிருந்தது. வட்டத்துக்குள் மூன்று மரங்களும் ஓடையும் அதன் அக்கரையும் அவை இருக்கிற அளவிலேயே இருந்தன. அவற்றின் நடுவே ஓர் ஆரஞ்சுப் பட்டை வந்தது. பட்டைக்கு முன்னால் ஒரு மூக்கு, பின்னால் கருத்த முதுகு, பழுப்புக் கால் நான்கும். என்னவென்று அவர் யோசிப்பதற்குள் குழல் தரையைப் பார்த்துவிட்டிருந்தது.

ஸர்னா பத்தடியில் நின்றது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது. இங்கே பன்றி இல்லை என்று தெரிந்ததும் மேட்டில் ஏறிப் போனது.

நெட்கோ மூச்சை விட்டார். கொம்பு ஊத இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்து இளஞ்சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டி, வளையம் ஒன்றில்தான் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கழற்றினார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.